பாடியும் ஆடியும் பேசியும் மலாய்மொழி பயிலல்

“பிள்ளை பள்ளியில் பாடுகிறது, ஆடுகிறது, மலாய்ப் பாட ஏட்டைத் திறந்து பார்த்தால் மூன்று மாதத்தில் நாலு பக்கங்கூட நிரம்பவில்லை. இப்படிப் போனால் எப்படி?” ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளின் பெற்றோர் ஆண்டுதோறும் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். விடியுமுன் வேலைக்காட்டுக்குப் புறப்பட்டுப் பிற்பகலில் களைத்துத் திரும்பும் தாய்தந்தையர்க்குப் பிள்ளையின் படிப்பைக் காட்டும் கண்ணாடி அந்த ஏடு ஒன்றே. அது வெறுமையாக இருந்தால் மனம் பதைக்கத்தான் செய்யும். ஆகவே, மலாய்மொழியைத் தொடக்க நிலையில் பாட்டாலும் விளையாட்டாலும் பேச்சாலும் நாங்கள் ஏன் கற்பிக்கிறோம் என்பதை இவ்வாண்டு மலரில் சற்று விரிவாக எழுத எண்ணினோம்.

1956ஆம் ஆண்டின் ரசாக் கல்வி அறிக்கை, நாட்டின் எல்லாப் பள்ளிகளிலும் மலாய்மொழி கட்டாய பாடமாவதற்கு வழிகோலியது. தமிழ்ப்பள்ளியில் தமிழே பயிற்றுமொழி. மலாய் ஒரு பாடம். ஆறாண்டுகள் முடிந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குள் பிள்ளை காலடி வைக்கும் நாளில் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. வரலாறும் புவியியலும் மலாயில், அறிவிப்புகள் மலாயில், பக்கத்தில் அமர்ந்திருக்கும் தோழன் பென்சில் கேட்பதும் மலாயில். போதிய தேர்ச்சி பெறாதவர்க்குப் புகுமுக வகுப்பு என்னும் பெயரில் ஓராண்டு கூடுதலாகக் கழிந்ததை இத்தோட்டத்துப் பெரியவர்கள் பலர் அறிவர். அதனினும் கொடிது, நல்ல புள்ளிகள் வாங்கிச் சென்ற பிள்ளையும் அங்கே வாய் திறவாமல் இருப்பது. விடை தெரியும், கையை மட்டும் உயர்த்தாது.

இதற்குக் காரணம் உண்டு. 1988 முதல் 2019 வரை நடந்த யுபிஎஸ்ஆர் தேர்வுக் காலத்தில், பல பள்ளிகளில் மலாய் என்றால் எழுத்து என்றாகிவிட்டது. மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்து எழுதினால் போதும்; நாக்குக்கு வேலையில்லை. 2021ஆம் ஆண்டில் அத்தேர்வு அகற்றப்பட்டது. ஆயினும் ஏடு நிரம்பினால்தான் படிப்பு என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் அகலவில்லை. “தமிழ்ப்பள்ளியில் சேர்த்தால் மலாய் வராது” என்று சொல்லிப் பிள்ளையை வேறு பள்ளிக்கு அழைத்துச் செல்லும் பெற்றோரும் உள்ளனர். அவர்களோடு வாதிட்டுப் பயனில்லை. நம் பிள்ளைகள் பேசிக்காட்ட வேண்டும்.

பிள்ளை தாய்மொழியை எப்படிக் கற்றது என்பதை எண்ணிப் பாருங்கள். பிறந்து ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அது கேட்டுக்கொண்டே இருந்தது. “கையைத் தட்டு” என்றால் தட்டியது, “அம்மா எங்கே?” என்றால் திரும்பிப் பார்த்தது. வாய்ச்சொல் பின்னரே வந்தது. இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு 1960களில் அமெரிக்க உளவியலறிஞர் ஜேம்ஸ் ஆஷர் ஒரு முறையை வகுத்தார். ஆசிரியர் ஏவுவார், மாணவர் உடலால் அதனைச் செய்வர், பேசும்படி வற்புறுத்தல் இல்லை. அமெரிக்காவில் ஸ்பானிய மொழியைப் புதிதாகத் தொடங்கும் சிறுவர்க்கு இம்முறை பெரிதும் கைகொடுத்தது. நம் ஒன்றாம் ஆண்டு வகுப்பிலும் முதற்சில வாரங்கள் இதுவே நடக்கிறது. ‘டூடோக்’ என்றால் உட்கார், ‘பங்ஙுன்’ என்றால் எழு, ‘லோம்பாட்’ என்றால் குதி, ‘பூசிங்’ என்றால் சுற்று. ஆசிரியர் வேகத்தைக் கூட்டுவார். தவறிக் குதித்தவர் அடுத்து ஏவுகிறவராவார். தோற்றவரே பேச வேண்டும் என்பதால் தோல்வியில் ஒரு பெருமை சேர்ந்துவிடுகிறது. வேண்டுமென்றே தோற்கும் பிள்ளைகளும் உண்டு!

இனி ஒலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் உழைப்பில் பெரும்பகுதி இதற்கே செலவாகிறது.

தமிழில் பகரம் ஓரெழுத்து. ஆனால் அதற்கு ஒலி இரண்டு. ‘பாம்பு’ என்று உரக்கச் சொல்லுங்கள். முதலில் நிற்பது வன்மையான ஒலி. மகரத்தை அடுத்து வருவது மென்மையானது. ‘கங்கை’ என்னும் சொல்லிலும் அவ்வாறே இரண்டு ககரங்கள் ஒலிக்கின்றன. எவ்விடத்தில் எந்த ஒலி வரும் என்பதை நம் மொழியே வரையறுத்து வைத்திருப்பதால் நமக்கு ஓரெழுத்தே போதுமாயிற்று. மலாய்மொழியிலோ இவை வெவ்வேறு ஒலிகள். மாறினால் பொருளும் மாறும். காலைப் பொழுதைக் குறிக்கும் ‘பாகி’ வன்மையாகத் தொடங்கும். ‘கொடு’, ‘பொருட்டு’ என்னும் பொருளுடைய ‘பாகி’ மென்மையாகத் தொடங்கும். வல்லுநர் ‘பாக்கார்’; எரிப்பதும் ‘பாக்கார்’தான், ஆனால் தொடக்க ஒலி வேறு. தமிழெழுத்தில் எழுதினால் இவ்விரண்டு இணைகளும் ஒன்றுபோலவே தோன்றுகின்றன, பார்த்தீர்களா? வேறு வழியின்றி இக்கட்டுரையிலும் மலாய்ச் சொற்களைத் தமிழெழுத்திலேயே எழுதுகிறோம். சரியான ஒலியை உங்கள் பிள்ளையிடம் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

ஆகவேதான் வகுப்பில் ‘பாம்பு’ விளையாட்டு ஆடுகிறோம். பிள்ளைகள் ஒருவர் தோளை மற்றவர் பற்றிப் பாம்பு போல் வரிசையாக நிற்பர். ஆசிரியர் சொல்லும் சொல் வன்மையாகத் தொடங்கினால் தலைப்பக்கம் ஓரடி. மென்மையாகத் தொடங்கினால் வால்பக்கம் ஓரடி. காது பிழைத்தால் பாம்பு அறுந்துவிடும். இவ்விளையாட்டுக்கு ஏடு தேவையில்லை. ஏட்டில் இதை எழுதவும் முடியாது.

மற்றொன்று சொல்லின் இறுதி. தமிழ்ச்சொல்லின் கடைசியில் வல்லின மெய் நில்லாது. பாக்கு, வீடு, கயிறு என்று உகரம் ஏறியே முடியும். மலாயில் அது தாராளமாக நிற்கும். நோயைக் குறிக்கும் ‘சாக்கிட்’ நம் பிள்ளையின் வாயில் ‘சாக்கிட்டு’ ஆகிவிடுகிறது. பிள்ளையைக் குறிக்கும் ‘ஆனாக்’ ‘ஆனாக்கு’ ஆகிறது. கேலி செய்யத்தக்க குறையன்று இது; பிள்ளைக்குத் தமிழ் நன்றாக வாய்த்திருக்கிறது என்பதன் அடையாளம். பாட்டின் ஒவ்வோரடி முடிவிலும் உள்ளங்கைகளைச் சேர்த்துத் தட்டி அப்படியே ஒட்டி வைத்துக்கொள்ளும்படி பழக்குகிறோம். கை மூடியதும் வாயும் மூட வேண்டும். உகரம் வெளிவர வழியில்லை. இரண்டு மூன்று வாரங்களில் இப்பழக்கம் படிந்துவிடுகிறது.

உயிரொலியிலும் ஒரு கண்ணி உண்டு. மலாயின் ஓர் எகர எழுத்து இரண்டு விதமாக ஒலிக்கும். ‘செப்பாக்’ என்பதை நம் எகரம் போல் ஒலித்தால் காலால் உதைப்பது. வாயை அரைகுறையாகத் திறந்து ஒலித்தால் கன்னத்தில் அறைவது. பந்தாட்டத் திடலில் இதை ஒருமுறை நடித்துக்காட்டினால் எந்தப் பிள்ளையும் மறப்பதில்லை.

இக்காரணங்களாலேயே பெற்றோரிடம் ஒன்றை வலியுறுத்துகிறோம். வீட்டில் மலாய்ச் சொற்களுக்குக் கீழே தமிழெழுத்தில் உச்சரிப்பை எழுதிக் கொடுக்காதீர்கள். அன்போடு செய்யும் உதவிதான். ஆனால் கண் தமிழைப் பார்க்கும், நாக்கும் தமிழையே ஒலிக்கும்.

பாட்டுக்கு வருவோம். எண்களைக் கும்மி மெட்டில் அமைத்துச் ‘சத்து, டுவா, தீகா’ என்று தட்டிப் பாடுகிறோம். மெட்டு பாட்டியிடமிருந்து வந்தது; சொல் புதியது. பழகிய மெட்டில் வருவதால் பிள்ளைக்கு அச்சம் எழுவதில்லை. மலாய் நாட்டுப்புறப் பாடல்களுள் கொக்கைப் பற்றிய தொடர்பாட்டு ஒன்று எங்களுக்குப் பேருதவியாக உள்ளது. கொக்கு ஏன் மெலிந்தது? மீன் மேலே வரவில்லை. மீன் ஏன் வரவில்லை? புல் நீண்டு வளர்ந்துவிட்டது. புல்லை எருமை மேயவில்லை, எருமைக்கு வயிற்றுவலி, வயிற்றுவலிக்குக் காரணம் வேகாத சோறு, சோறு வேகாததற்குக் காரணம் ஈர விறகு, விறகு நனைந்தது மழையால், மழை வந்தது தவளை கத்தியதால், தவளை கத்தியது பாம்புக்கு அஞ்சி. பாம்போ, தவளைதானே என் உணவு என்று சொல்லி முடித்துவிடும். தன் பெயரை மறந்த ஈ ஒன்று கன்றிடமும் பசுவிடமும் மேய்ப்பவனிடமும் கேட்டுக்கொண்டே போகும் நம் பாட்டிமார் கதைக்கு இது உடன்பிறப்புப் போன்றது. ஈயின் கதையை அறிந்த பிள்ளைக்குக் கொக்கின் பாட்டு அரைநாளில் விளங்கிவிடுகிறது. ஏன் என்று கேட்பதும் காரணம் சொல்வதும் பத்து முறை நாவில் புரண்டுவிடுகின்றன.

எனினும், பாட்டைக் கிளிபோல் ஒப்பிக்கும் ஆபத்தும் உண்டு. அழகாகப் பாடும் பிள்ளையிடம் ‘மீனுக்கு மலாயில் என்ன?’ என்று கேட்டால் விழிக்கும். அதனால் பாட்டு மனத்தில் பதிந்தவுடன் அதை உடைத்துவிடுகிறோம். கொக்குக்குப் பதில் கோழியை வை. எருமைக்கு வயிற்றுவலிக்குப் பதில் பல்வலி வரட்டும். மீதியை நீயே சொல். வகுப்பில் பெருஞ்சிரிப்பு எழும். பிள்ளைக்கு மொழி வந்ததா என்பது அங்கேதான் தெரியும்.

நம் பிள்ளைகள் மலாய் வகுப்புக்கு வெறுங்கையோடு வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ‘கெடாய்’ நம் கடை. ‘காப்பால்’ நம் கப்பல். ‘காத்தில்’ நம் கட்டில். ‘மெம்பெலாம்’ நம் மாம்பழம். ‘மொடால்’ வணிகர் போடும் முதல். நூற்றாண்டுகளாகக் கடல்கடந்து நடந்த வாணிகம் விட்டுச்சென்ற செல்வம் இது. 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியரின் மொழியும் நமக்குத் துணை. மேசையும் அலமாரியும் சன்னலும் அவர்கள் வழியே தமிழுக்கு வந்தவை. மலாயின் ‘மேஜா’வும் ‘அல்மாரி’யும் ‘ஜெண்டேலா’வும் அவ்வாறே. வகுப்பறைக்குள் நின்று சுட்டிக்காட்டினால் போதும். பாதிப் பாடம் முடிந்தது. ஏமாற்றும் சொற்களும் உண்டு. அவற்றில்தான் பிள்ளைகளுக்கு விருப்பம் அதிகம். நமக்கு ‘நாசி’ மூக்கு, மலாயில் சோறு. நமக்குத் ‘தாலி’ மங்கலநாண், மலாயில் வெறுங்கயிறு. ‘மாரி’ என்றால் நமக்கு மழை; அவர்களுக்கு ‘வா’ என்னும் அழைப்பு.

சொற்றொடர் அமைப்பில் வேறுபாடு பெரிது. தமிழில் வினை கடைசியில் வரும். மலாயில் நடுவில் வரும். நான் சோறு உண்கிறேன் என்பதை ‘சாயா மாக்கான் நாசி’ என்று சொல்ல வேண்டும். மூன்று பிள்ளைகள் சொல்லட்டைகளை நெஞ்சில் மாட்டிக்கொண்டு முதலில் தமிழ் வரிசையில் நிற்பர். மணி அடித்ததும் மலாய் வரிசைக்கு ஓடி மாற வேண்டும். வினைக்குரிய பிள்ளை ஓடி நடுவில் நுழைவதைக் கண்டவர் விதியை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. சிவப்புச் சட்டை என்பதில் முன்னே நிற்கும் நிறம், ‘பாஜு மேரா’ என்பதில் பின்னே போய் நிற்பதையும் இப்படியே காட்டுகிறோம்.

ஓரிடத்தில் தமிழ்ப்பிள்ளைக்கே முதலிடம். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம்; விலக்கினால் நாங்கள். மலாயிலும் அவ்வாறே ‘கீத்தா’, ‘காமி’ என்னும் இரண்டு சொற்கள் உள்ளன. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரு சொல்லே. தமிழறிந்த பிள்ளைக்கு இதை ஒருமுறை சொன்னால் போதும். இக்கட்டுரையில் எங்கே நாம், எங்கே நாங்கள் என்று எழுதியிருக்கிறோம் எனப் பார்த்து, அவ்விடங்களில் எந்த மலாய்ச் சொல் பொருந்தும் என்று நான்காம் ஆண்டு மாணவர்கள் கண்டுபிடிக்கலாம்.

கடை விளையாட்டே எல்லா வகுப்பினரும் விரும்புவது. காலிப் பால்டின்களையும் பெட்டிகளையும் அடுக்கி ஒருவர் கடைக்காரராவார்; மற்றவர் வாங்குவர். இதற்கொரு நோக்கமுண்டு. மலாயில் எண்ணுக்கும் பொருளுக்கும் இடையே அளவைச்சொல் ஒன்று நிற்க வேண்டும். மனிதர்க்கு ‘ஓராங்’, விலங்குக்கு ‘எக்கோர்’, சிறிய உருண்டைப் பொருளுக்குப் ‘பீஜி’, நீண்டதற்குப் ‘பாத்தாங்’, தாள் போன்றதற்கு ‘ஹெலாய்’. எக்கோர் என்றால் வால், பீஜி என்றால் விதை, பாத்தாங் என்றால் தண்டு. பொருள் விளங்கினால் நினைவில் நிற்கும். “வாலே இல்லாத தவளைக்கும் எக்கோர் தானா?” என்று ஒரு சிறுமி கேட்டாள். ஆம், அதற்கும் அதுவே. குழந்தைத் தவளைக்கு வால் இருந்ததே என்று அவளுடைய தோழியே விடையும் சொல்லிவிட்டாள். வாழைப்பழச் சீப்பை மலாயிலும் தலைசீவும் சீப்பின் பெயரான ‘சீக்காட்’ என்பதாலேயே குறிப்பர். குலைக்குத் ‘தண்டான்’. செம்பனைக் குலை சுமக்கும் தந்தைமார்க்கு இச்சொல்லை நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை.

எண்ணிக்கைக்குப் பல்லாங்குழியும் உண்டு. மலாய்க்காரர் ஆடும் ‘சொங்காக்’ அதற்கு மிக நெருங்கியது. நம் அஞ்சாங்கல்லும் அவர்களுடைய ‘பாத்து செரம்பா’னும் அத்தகையனவே. காய்களை எண்ணும்போது மலாயில் எண்ண வேண்டும். தமிழில் எண்ணினால் ஆட்டம் எதிராளிக்கு. இது பிள்ளைகள் தாமே வகுத்த சட்டம்.

பேச்சுப் பயிற்சியில் இரண்டு செய்திகளில் கவனமாக இருக்கிறோம். முதலாவது, மரியாதை. ‘அவாக்’, ‘காமு’ என்பவற்றை நீ போலக் கருதிக்கொண்டு பிள்ளை யாரிடமும் சொல்லிவிடக் கூடாது. பெரியவரைப் ‘பாச்சிக்’, ‘மாச்சிக்’ என்று முறைசொல்லி அழைப்பதே பண்பு. மாமா, அத்தை என்று அழைத்துப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இது எளிது. இரண்டாவது, திருத்தும் முறை. பிள்ளை பேசிக்கொண்டிருக்கையில் குறுக்கே புகுந்து திருத்துவதில்லை. ‘சாயா நாசி மாக்கான்’ என்று அது சொன்னால், “அப்படியா, கீத்தா மாக்கான் நாசி” என்று சரியான வரிசையில் சொல்லி உரையாடலைத் தொடர்வோம். ஒருமுறை அவமானப்பட்ட வாயை மீண்டும் திறக்கச் செய்வது எளிதன்று.

மூன்றாம் ஆண்டிலிருந்து மருத்துவமனை, பேருந்து, அஞ்சலகம் என்று சிறு நாடகங்கள் நடக்கின்றன. பாட்டிக்கு எங்கே வலிக்கிறது என்பதை மருத்துவரிடம் எடுத்துச் சொல்லும் நாடகத்தைப் பிள்ளைகள் சிரிக்காமல் நடிக்கிறார்கள். பலர் அதை வீட்டிலே உண்மையாகவே செய்ய வேண்டியவர்கள்.

பாட்டும் ஆட்டமும் எல்லாவற்றையும் செய்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. முதலாண்டின் பிற்பகுதியிலேயே எழுத்து தொடங்குகிறது. நான்காம் ஆண்டுக்கு மேல் வரும் முன்னொட்டுகள் கடினம். தமிழில் ஒட்டுகள் பின்னே சேர்வன, மலாயில் பெரும்பாலும் முன்னே சேர்வன. அங்கே உட்கார்ந்து, எழுதி, அழித்து, மீண்டும் எழுதத்தான் வேண்டும். ஆனால் அதுவரை பேசிப் பழகிய பிள்ளைக்கே அந்த உழைப்பு பலன் தருகிறது.

இறுதியாக, பெற்றோர்க்கும் தாத்தா பாட்டிகளுக்கும் ஒரு சொல். “எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் சந்தை மலாய்; பிள்ளையிடம் பேசினால் கெட்டுவிடுமோ” என்று தயங்காதீர்கள். ‘சாயா பூஞ்ஞா ரூமா’ என்று நீங்கள் சொல்வது ‘என்னுடைய வீடு’ என்னும் தமிழ் அமைப்பின் நேர்வடிவம். பள்ளியில் அது ‘ரூமா சாயா’ ஆகும். அந்தச் சந்தை மலாயைக் கொண்டுதான் நம் முன்னோர் அங்காடியிலும் பேருந்திலும் அண்டை அயலிலும் நட்போடு வாழ்ந்தனர். உங்களிடமிருந்து சொற்களையும் துணிவையும் பிள்ளை எடுத்துக்கொள்ளட்டும். வரிசையை நாங்கள் மாற்றித் தருகிறோம். மாலையில் பத்து நிமிடம், அன்று கற்ற பாட்டைப் பிள்ளை உங்களுக்குக் கற்பிக்கும்படி கேளுங்கள். நீங்கள் தவறாகச் சொன்னால் அது திருத்தும். அதைவிடப் பெரிய மகிழ்ச்சி ஏழு வயதில் வேறில்லை.

வரும் ஆண்டின் கடை விளையாட்டுக்குக் காலி மாவுடின்கள், தீப்பெட்டிகள், முட்டை அட்டைகள், கிழியாத பைகள் தேவைப்படுகின்றன. எறிந்துவிடாமல் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். பல்லாங்குழிக்கு ரப்பர்க்கொட்டை மட்டும் வேண்டாம். பள்ளிக்குப் பின்னால் எஞ்சி நிற்கும் நான்கு மரங்கள் ஆண்டுதோறும் போதுமானதை உதிர்த்துவிடுகின்றன.